சேட்டைக்கார விலங்குகளின் படக்கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்குப் படக்கதை வாசித்துக் காட்டுவதும், எழுத விரும்புகிறவர்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்வதும் எனக்கு நெடுநாள் பழக்கம். வாசித்து முடித்ததும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். பெரியவர்கள் தயங்கித் தயங்கி அருகே வருவார்கள். ஆள் மாறுமே தவிரக் கேள்வி மாறாது. ஒவ்வொரு முறையும் தொண்டை வற்றச் சொல்வதைவிட ஒருமுறை எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது. கேட்டவர்களின் தோரணை கெடாமல் கேள்விகளை விட்டிருக்கிறேன்.

விளக்கத்துக்கு வசதியாக ஒரு கதையை நானே கட்டிக்கொள்கிறேன். கொடியில் காயும் துணிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம், "நான் எதையும் தின்னவில்லை" என்கிறது ஓர் ஆடு. கீழே பல பதில்களில் இந்த ஆடு தலைகாட்டும்.

படக்கதை என்றால் காமிக்ஸ்தானே? இல்லை, படம் போட்ட கதைப் புத்தகமா?

இரண்டும் இல்லை. படம் போட்ட கதைப் புத்தகத்தில் படங்களை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். காமிக்ஸில் கட்டங்களும் பேச்சுக் குமிழிகளும் கதையை நகர்த்தும். படக்கதையில் எழுத்து பாதி, படம் பாதி. ஒன்றை மறைத்தால் மற்றது நொண்டும். "நான் எதையும் தின்னவில்லை" என்று ஆடு சொன்னது மட்டும் எழுத்தில் இருக்கும். அதன் வாயோரத்தில் ஒரு சட்டைக்கை தொங்குவது படத்தில் இருக்கும். எழுத்தைக் கேட்டால் ஆடு அப்பாவி, படத்தைப் பார்த்தால் திருடன். சிரிப்பு இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

படிக்கத் தெரியாத பிள்ளைதான் இதை முதலில் பிடிக்கும். பெரியவர் வாசிக்கும்போது பிள்ளைகளின் பார்வை எங்கே போகிறது என்று கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள் கண்ணசைவை அளக்கும் கருவியைக் கொண்டு பார்த்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். எழுத்தின்மேல் பார்வை அரிதாகவே பட்டது. ஏறக்குறைய முழு நேரமும் படத்திலேயே இருந்தது. நீங்கள் வரியை முடிப்பதற்குள் பிள்ளை சட்டைக்கையைப் பார்த்துவிட்டிருக்கும். தான் கண்டதை வாசிக்கிற பெரியவர் காணவில்லை என்பதில் அதற்குப் பாதிச் சந்தோஷம்.

எத்தனை வயதில் தொடங்கலாம்? இரண்டு வயதுக் குழந்தைக்கு நகைச்சுவை புரியுமா?

புரியும், ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அல்ல. இரண்டு வயதுக்குத் தலையில் காலுறை மாட்டிய ஆடே போதும். இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொருள் இல்லை, அவ்வளவுதான் வேடிக்கை. அந்த வயதுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு விலங்கு, ஒரு வரி என்று இருந்தால் நல்லது. வாயில் வைப்பார்கள். வைக்கட்டும்.

"அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்ற சிரிப்பு நான்கு வயதையொட்டித்தான் வருகிறது. ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இருவர் 1983இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு பையன் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அது இடம் மாற்றப்படுகிறது. திரும்பி வந்து எங்கே தேடுவான்? சின்னஞ்சிறு பிள்ளைகள் பொருள் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது அந்தப் பையனுக்குத் தெரியாது என்பது நான்கு, ஐந்து வயதில்தான் பிடிபடத் தொடங்குகிறது. ஆகவே மூன்று வயதுப் பிள்ளை ஆடு சட்டை தின்பதற்குச் சிரிக்கும். ஐந்து வயதுப் பிள்ளை, பின்னால் நிற்கும் ஆட்டைப் பார்க்காமல் வெறுங்கொடியையே முறைத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கும். ஏழு வயதுக்கு ஆடு பொய் சொல்லும் நேர்த்தி பிடிக்கும். ஒரே பக்கம், மூன்று சிரிப்புகள். "என் பிள்ளை படிக்கக் கற்றுவிட்டது, இனிப் படக்கதை வேண்டாம்" என்று சொல்லாதீர்கள்.

தினமும் அதே புத்தகம். நான்கு மாதமாக அதே புத்தகம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. வேறு புத்தகத்துக்கு எப்படி மாற்றுவது?

மாற்ற வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து 2011இல் ஜெசிக்கா ஹோர்ஸ்டும் உடன் ஆய்வாளர்களும் ஒன்றைக் காட்டினார்கள். புதிய சொற்களைச் சமமான தடவை கேட்டபோதிலும், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளைகள், வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட அச்சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். முதல் வாசிப்பில் பிள்ளை கதையைப் பிடிக்கிறது. மற்றவற்றுக்கு அப்புறம்தான் நேரம் கிடைக்கிறது.

நகைச்சுவையில் இன்னொரு காரணமும் உண்டு. முதல் நாள் ஆடு பிள்ளையை ஏமாற்றியது. இரண்டாம் நாளிலிருந்து பிள்ளை ஆட்டின் கூட்டாளி. அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்துகொண்டு, தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும் சுகத்தை நாம் ஏன் கெடுக்க வேண்டும்? உங்கள் சலிப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். ஓர் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும் துணைப் பாத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் அது என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். நல்ல ஓவியர் என்றால் ஓரத்து எலிக்கும் தனிக்கதை வைத்திருப்பார்.

எனக்குக் குரல் மாற்றி நடிக்கத் தெரியாது. நான் வாசித்தால் செய்தி அறிக்கைபோல் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை, சில கதைகளுக்கு அதுவே பொருத்தம். கூச்சலிட்டு வாசிப்பவர்கள் சிரிப்பைத் தாமே சிரித்துத் தீர்த்துவிடுகிறார்கள். படத்தில் ஆடு சட்டையை மென்றுகொண்டிருக்க, நீங்கள் செய்தி அறிக்கைக் குரலில் "நான் எதையும் தின்னவில்லை" என்று வாசித்துப் பாருங்கள். குரல் எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு வேடிக்கை.

கற்றுக்கொள்ள வேண்டியது குரல் மாற்றத்தை அல்ல, பக்கம் திருப்பும் நேரத்தை. படக்கதையில் மேடைத் திரைக்குச் சமமானது பக்கம் திருப்புதல்தான். வரியை முடித்துவிட்டு, தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூச்சு நிறுத்துங்கள். பிள்ளையின் கை தானாக வந்து தாளைப் பிடுங்கும். அப்போது திருப்புங்கள்.

நடுநடுவே கேள்வி கேட்டு வாசிக்கும் முறை ஒன்று உண்டு. க்ரோவர் வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் 1988இல் அதைச் சோதித்து, பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சிக்கு அது உதவுகிறது என்று காட்டினார்கள். நல்ல முறைதான். ஆனால் சிரிப்பு வெடிக்கப் போகும் பக்கத்தில் "ஆடு ஏன் அப்படிச் சொன்னது? அது சரியா?" என்று கேட்டால் பட்டாசில் தண்ணீர் ஊற்றிய கதைதான். கேள்விகளை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில் எழுத்துத் தமிழ் இருக்கிறது. பிள்ளைக்குப் பேச்சுத் தமிழ்தான் தெரியும். மாற்றிச் சொன்னால் தப்பா?

தப்பே இல்லை. ஆனால் முழுவதையும் மாற்றிவிடாதீர்கள். கதைசொல்லியின் வரிகளை அச்சில் உள்ளபடி வாசியுங்கள். விலங்குகளின் பேச்சை மட்டும் உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். கதைசொல்லி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு பேசுகிறார், ஆடு பக்கத்து வீட்டுக்காரர்போல் பேசுகிறது. இரண்டு தமிழும் உரசும்போது தனியாக ஒரு நகைச்சுவை பிறக்கிறது. அச்சில் கண்ட "இருக்கிறது"வும் வீட்டில் கேட்கும் சொல்லும் ஒன்றே என்பதைப் பாடம் எடுக்காமலேயே பிள்ளை புரிந்துகொள்கிறது.

ஒரே நிபந்தனை: மூன்றாவது கேள்வியில் வந்த, நான்கு மாதமாக ஒரே புத்தகத்தைக் கேட்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், முதல் நாள் சொன்ன வரியை மறுநாள் மாற்றாதீர்கள். பிடிபடுவீர்கள்.

ஏன் எப்போது பார்த்தாலும் விலங்குகள்? ஒரு பையனோ பெண்ணோ சேட்டை செய்வதாக எழுதக் கூடாதா?

எழுதலாம், எழுதுகிறார்கள். ஆனால் ஒரு பையன் கொடியில் காயும் சட்டையைக் கத்தரித்தான் என்றால் வாசிக்கிற அம்மாவுக்கு உடனே நெற்றி சுருங்கும். கேட்கிற பிள்ளைக்கும் முதுகு சில்லிடும். ஆட்டை யாரும் மூலையில் நிற்க வைக்க மாட்டார்கள். அது எந்த வீட்டுப் பிள்ளை, என்ன நிறம், என்ன வசதி என்ற கேள்விகளும் எழுவதில்லை. எந்தப் பிள்ளையும் அந்தத் தோலுக்குள் புகுந்துகொள்ளலாம், வேண்டாதபோது சட்டென்று வெளியே வந்துவிடலாம்.

நம் மொழிக்கு இந்த உறவு புதிதல்ல. தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைச் சொல்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இவற்றில் பிள்ளையும் மகவும் குழவியும் மனிதக் குழந்தைக்கும் வழங்குபவை. இன்றைக்கும் கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்கிறோம். முழு வளர்ச்சியடைந்த கீரியும் நமக்குப் பிள்ளைதான். சேட்டைக்கதை எழுதுகிறவருக்கு மொழி பாதி வேலையை முன்பே முடித்து வைத்திருக்கிறது.

இதைப் பார்த்து என் பிள்ளையும் அதே சேட்டையைச் செய்யாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவரின் பிள்ளை அநேகமாக அந்த நேரத்தில் நாற்காலி மேல் ஏறிக்கொண்டிருக்கும், எந்தப் புத்தகத்தின் துணையும் இல்லாமல்.

சேட்டையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நடக்க முடியாத சேட்டை ஒன்று: ஆடு பத்துச் சட்டைகளைத் தின்று, ஏப்பம் விட்டால் பொத்தான் தெறிக்கிறது. இதைச் செய்து பார்க்க எந்தப் பிள்ளையாலும் முடியாது, சிரிப்பதே அதனால்தான். மற்றொன்று வீட்டிலேயே நடக்கக்கூடிய சேட்டை. சுவரில் கிறுக்குவது, தலையணையைக் கிழிப்பது போன்றவை. இவற்றைப் பார்த்துச் செய்யக்கூடும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் சுவரைத் துடைத்துவிடலாம். அதற்காக ஒரு நல்ல கதையைப் பூட்டி வைப்பது என் கணக்கில் நஷ்டம்.

துடைக்க முடியாதவை சில உண்டு. அவற்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மாத்திரையை மிட்டாய்போல் விழுங்குதல், மின் பிளக்கில் எதையாவது செருகுதல், தீப்பெட்டி, தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டுதல், மூடினால் உள்ளிருந்து திறக்க முடியாத பெட்டிக்குள் ஒளிதல். ஒரு கையெழுத்துப் பிரதியில் கரடிக்குட்டி குளிர்பதனப் பெட்டிக்குள் ஒளிந்தது. அழகான கதை. கட்டிலுக்கு அடியில் ஒளியட்டும் என்றேன். எழுதியவர் முதலில் முறைத்தார். பிறகு கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்புறத்தை வைத்து முன்னதைவிட நல்ல பக்கம் ஒன்றை எழுதிவந்தார்.

கடைசியில் நீதியே இல்லையே! ஆட்டுக்குத் தண்டனையும் இல்லை. பிள்ளை இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்?

நீதி சொல்லவேண்டும் என்றால் விலங்குக்கதை அவ்வளவு நல்ல வண்டி அல்ல. டொராண்டோவில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் சிலருக்குப் பகிர்ந்துகொள்வது பற்றிய கதையை மனிதப் பாத்திரங்களோடு வாசித்தார்கள்; வேறு சிலருக்கு உடை உடுத்திய விலங்குகளோடு அதே கதையை வாசித்தார்கள். பின்னர் ஸ்டிக்கர்களைப் பிறருக்குக் கொடுக்கச் சொன்னபோது, மனிதக் கதையைக் கேட்டவர்கள் முன்னைவிட அதிகம் கொடுத்தார்கள். விலங்குக் கதையைக் கேட்டவர்களிடம் அந்த வளர்ச்சி தென்படவில்லை. ஓர் ஆய்வை வைத்துச் சட்டம் போட்டுவிட முடியாது. ஆனால் கடைசிப் பக்கத்தில் நீதியை ஒட்டவைத்தால் வேலை முடிந்தது என்று நம்புகிறவர்கள் யோசிக்க இடம் தருகிறது.

நீதிக்கென்றே பிறந்த பஞ்சதந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனக்குச் சம்பந்தமில்லாத காரியத்தில் தலையிடாதே என்பதற்காகச் சொல்லப்பட்டது ஆப்பசைத்த குரங்கின் கதை. நமக்கு நினைவில் நிற்பது பிளந்த மரத்தில் குரங்கின் வால் மாட்டிக்கொண்ட காட்சிதான். (மூலத்தில் மாட்டிக்கொள்வது வால் அல்ல. பிள்ளைகளுக்காக நாசூக்காக வாலாக்கிவிட்டார்கள்.)

தண்டனை வேண்டாம், விளைவு வேண்டும் என்பது என் கட்சி. சட்டைகளைத் தின்ற ஆட்டை யாரும் அடிக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் ஏப்பமும் பொத்தானுமாகத் தூங்காமல் கிடக்கட்டும். "இதிலிருந்து நாம் அறிவது" என்று ஒரு வரி சேர்த்தால், அதுவரை ஆட்டோடு இருந்த பிள்ளை அந்த வரியில் எழுந்துபோய்விடும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன், எழுந்துதான் போவார்கள்.

விலங்குகள் நிஜமாகவே இப்படியெல்லாம் செய்யுமா? பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். பல நேரங்களில் அது கதையைவிட நன்றாக இருக்கும். ஆடு கிடைத்ததையெல்லாம் தின்னும் என்பது நாம் கட்டிவிட்ட பெயர். ஆடு உண்மையில் பொறுக்கித் தின்னும் பிராணி. புதிய பொருள் எது கண்டாலும் உதட்டாலும் வாயாலும் தொட்டுத் தடவி ஆராயும். சட்டையைக் கடிப்பது பெரும்பாலும் விசாரணை. என் கதையின் ஆட்டுக்கு நான் செய்திருப்பது பச்சை அவதூறு.

பளபளப்பான பொருளைத் திருடும் என்று ஐரோப்பியக் கதைகளில் பேர் வாங்கிய பறவை மேக்பை, காக்கைக் குடும்பம். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட சோதனையில் அப்பறவைகள் பளபளப்பான பொருள்களை விரும்பவில்லை. அப்பொருள்கள் அருகில் இருந்தபோது உண்பதற்கே தயங்கின. செருப்பைக் கடித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியோடு பார்க்கும் நாயைப் பற்றி நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் எழுதினார். அந்தப் பார்வை தப்பு செய்ததால் வருவதல்ல, எசமானர் திட்டுவதால் வருவது; தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அப்படித்தான் பார்க்கிறது. எதிர்ப்பக்கத்தில், நம்ப முடியாத உண்மையும் உண்டு. பாலித் தீவின் உலுவாட்டு கோயிலில் நீள்வால் குரங்குகள் வருவோரின் கண்ணாடியையும் தொப்பியையும் பறித்து வைத்துக்கொண்டு, தின்பண்டம் கொடுத்தால்தான் திருப்பித் தருகின்றன. கதையாக எழுதினால் மிகை என்று நானே வெட்டியிருப்பேன்.

படக்கதையே விலங்கியல் பாடமாகிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. விலங்குகளை மனிதர்போல் பேசவைத்த புத்தகங்களைக் கேட்ட சிறுபிள்ளைகள் உண்மையான விலங்குகளுக்கும் மனித குணங்களை ஏற்றிச் சொல்லும் போக்கைப் பட்ரிஷியா கானியாவின் குழு 2014இல் பதிவுசெய்திருக்கிறது. ஒரு சேட்டைக்கதைக்கு ஒரு நிஜ விலங்குப் புத்தகம் என்று பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது.

என் மகள் சிரிக்கவே இல்லை. ஆடு மாட்டிக்கொள்ளுமோ என்று அழுதாள். புத்தகம் சரியில்லையா, பிள்ளை சரியில்லையா?

இரண்டும் சரிதான். அவள் ஆட்டின் பக்கம் சாய்ந்துவிட்டாள், அவ்வளவே. கடைசிப் பக்கத்தை முதலில் காட்டுங்கள். ஆடு பத்திரமாகத் தூங்குவதைப் பார்த்துவிட்டு ஆரம்பத்துக்கு வரட்டும். முடிவு தெரிந்தால் சுவை கெடும் என்பது பெரியவர்களின் கவலை. இன்னும் அழுதால் ஆறு மாதம் கழித்துப் பாருங்கள்.

மொழிபெயர்த்த படக்கதைகள் சப்பென்று இருக்கின்றன. படம் அதே படம்தான். எங்கே போனது சிரிப்பு?

முதல் ஓட்டை, சொல் வரிசை. ஆங்கிலத்தில் வினை முன்னே வரும், தின்னப்பட்ட பொருள் பின்னே வரும். அதனால் "ஆடு தின்றது" என்பதோடு ஒரு பக்கம் முடிந்து, தாளைத் திருப்பினால் "கால்சட்டை" என்று அடுத்த பக்கம் வெடிக்கும். தமிழில் வழக்கம்போல் "ஆடு கால்சட்டையைத் தின்றது" என்று பெயர்த்தால் இரகசியம் முன்பக்கத்திலேயே கொட்டிவிடும். திருப்பினால் "தின்றது" என்ற வெறும் வினை கிடக்கும். தமிழில் சொற்களை இடம் மாற்ற முடியும். "அன்றைக்கு ஆடு தின்றது…", திருப்பினால், "வீட்டுக்காரரின் கால்சட்டையை!" இதைச் செய்ய மொழிபெயர்ப்பாளர் கையில் எழுத்து மட்டும் இருந்தால் போதாது, பக்கம் பிரித்த படங்களும் இருக்க வேண்டும். பலருக்கு அவற்றைக் கொடுப்பதே இல்லை.

இரண்டாவது, ஒலிகள். பிறமொழி ஒலியை அப்படியே எழுத்துக்கூட்டி வைத்தால் நம் காதில் அது ஒலியாகவே விழாது. நம்மிடம் இரட்டைக்கிளவி என்ற புதையல் இருக்கிறது. ஆடு மடமடவென்று குடிக்கும், நறநறவென்று மெல்லும், கொடி படபடவென்று அடித்துக்கொள்ளும், வீட்டுக்காரர் தடதடவென்று ஓடிவருவார், பொத்தான்கள் சடசடவென்று கொட்டும். பிரித்தால் பொருள் தராத சொற்கள். சேர்ந்து ஒலித்தால் படம் அசையத் தொடங்கிவிடும். பிள்ளைகளின் பட நூல்களில் ஒலி அத்தனை பழமையானது. செக் கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் வெளியிட்ட புகழ்பெற்ற படப் பாடநூல் தொடக்கத்திலேயே காகம், ஆட்டுக்குட்டி முதலியவற்றின் குரல்களை எழுத்துகளோடு இணைத்துத் தருகிறது.

நானும் ஒன்று எழுதலாம் என்றிருக்கிறேன். சேட்டைகளை அடுக்கிக்கொண்டே போனால் கதையாகிவிடுமா?

ஆகாது. ஆடு சட்டையைத் தின்றது, பூச்செடியைத் தின்றது, துடைப்பத்தைத் தின்றது என்றால் அது பட்டியல். ஆட்டுக்கு ஏதோ ஒன்று வேண்டும். அது கிடைக்காமல் போக வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் முந்தையதைவிடப் பெரிய குழப்பத்தில் முடிய வேண்டும். ஆடு சட்டைகளைத் தின்பது சிவப்புப் பொத்தான் ஒன்றைத் தேடித்தான் என்று வைத்துப் பாருங்கள். உடனே சேட்டைக்கு முதுகெலும்பு வந்துவிடுகிறது. சேட்டை செய்கிற விலங்குக்குத் தான் செய்வது சேட்டை என்று தெரியவும் கூடாது. மிகப் பொறுப்பாக நடந்துகொள்வதாக அது நம்ப வேண்டும்.

அளவு முக்கியம். படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளின் ஒரு முகத்தில் 16, மறுமுகத்தில் 16 அச்சிட்டு மடித்து வெட்டினால் வருவது அது. தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் போகக் கதைக்கு 12 முதல் 14 விரிபக்கங்கள் (புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்கள் சேர்ந்தது ஒரு விரிபக்கம்) மிஞ்சும். சொற்கள் 500க்குள் நின்றால் நல்லது. வெற்றுத் தாள்களை மடித்துத் தைத்துச் சிறு மாதிரிப் புத்தகம் ஒன்று செய்து, வரிகளைப் பென்சிலால் எழுதித் திருப்பிப் பாருங்கள். கணினித் திரையில் சிரிப்பு மூட்டியவை பாதி அங்கே செத்துக்கிடக்கும்.

பதிப்பகங்கள் மறுத்தால் மனம் தளர வேண்டாம் என்று சொல்ல எல்லோரும் ஒரே முயலைத்தான் காட்டுவார்கள், நானும் காட்டுகிறேன். ஆங்கில எழுத்தாளரும் ஓவியருமான பியட்ரிக்ஸ் பாட்டர் 1893இல் நோயுற்ற ஒரு சிறுவனுக்குப் படக்கடிதமாக எழுதியது குறும்புக்கார முயலின் கதை. பதிப்பாளர்கள் திருப்பி அனுப்ப, 1901இல் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டே ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது.

எழுத்தில் எதை விடுவது, படத்துக்கு எதை விடுவது? ஓவியர் தப்பாகப் புரிந்துகொண்டால்?

முதல் கேள்விக்கான பதிலில் உள்ள சட்டைக்கைதான் அளவுகோல். படத்தில் தெரியப் போவதை எழுத்தில் அடியுங்கள். "வாயில் சட்டைக்கை தொங்க, ஆடு பொய் சொன்னது" என்று எழுதிவிட்டால் பிள்ளைக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. சிரிப்புக்கு உயிரான இடங்களில் மட்டும் ஓவியருக்கு ஒரு வரிக் குறிப்பு எழுதுங்கள். ஆட்டின் தாடி எத்தனை அங்குலம் என்றெல்லாம் எழுதினால் நல்ல ஓவியர் ஓடிவிடுவார்.

ஓவியம் வந்ததும் நான் பார்ப்பவை சில. தமிழில் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். வலப்பக்கம் பார்த்து ஓடும் ஆடு கதையை முன்னே இழுக்கும், இடப்பக்கம் பார்த்தால் திரும்பி வருவதுபோல் தெரியும். விரிபக்கத்தின் நடுமடிப்பில் முகம் விழக் கூடாது. பிறகு உடல். பாட்டரின் முயல்கள் சட்டை போட்டிருந்தாலும் உள்ளே முயலின் எலும்பு இருக்கிறது. அவர் உயிரினங்களைக் கூர்ந்து வரைந்து பழகியவர். சட்டையைக் கழற்றினால் ஆடு ஆடாக இருக்க வேண்டும். சட்டை மாட்டிய பஞ்சுப் பொம்மை சேட்டை செய்தால் யாருக்கும் அதிர்ச்சி இல்லை.

பாட்டாக எழுதினால் பிள்ளைகளுக்கு இன்னும் பிடிக்கும் அல்லவா?

ஓசை உங்கள் கைக்கு வந்தால். எதுகைக்காகக் கதை வளைந்தால் வேண்டாம். "ஆடு" என்று தொடங்கியதற்காகவே "ஓடு", "மாடு", "காடு" எல்லாம் கதைக்குள் நுழைந்துவிட்ட பிரதிகள் என்னிடம் கட்டுக்கட்டாக வந்திருக்கின்றன. அந்த மாட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

யாரைப் பார்த்துச் சிரிக்கலாம், யாரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது? எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு போட்டால் நகைச்சுவை எப்படி வரும்?

சிறியது பெரியதைக் கவிழ்த்தால் பிள்ளைகள் கொண்டாடுவார்கள். நாள் முழுவதும் பெரியவர்களின் கீழ் வாழ்கிறவர்கள் அல்லவா. எலி யானையை ஏமாற்றலாம். யானை எலியை ஏமாற்றினால் அறை அமைதியாகிவிடும். இதை நான் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வாசித்துக் காட்டித் தெரிந்துகொண்டேன்.

சிக்கலானது உடலைப் பற்றிய கேலி. குண்டு நீர்யானை நாற்காலியை உடைப்பது, திக்கிப் பேசும் தவளை, குருட்டு வெளவால். கூட்டத்தில் சிரிப்பு வரும். அதே கூட்டத்தில் ஒரு பிள்ளை தன் வயிற்றைக் குனிந்து பார்ப்பதும் நடக்கும். நீர்யானை நாற்காலியை உடைக்கலாம், ஆனால் அந்த நாற்காலியைச் செய்த முயலின் அரைகுறைத் தச்சு வேலைதான் காரணம் என்று படம் சொல்லட்டும். சிரிப்பு குறையாது, இடம் மாறும். (வெளவாலுக்குக் கண் நன்றாகவே தெரியும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.)

புத்தகத்தையே கிழித்துவிட்டான்! சேட்டைக்கதை வாங்கிக் கொடுத்ததற்குக் கிடைத்த பலன் இது. இனி எப்படி நம்பிக் கொடுப்பது?

எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக, திருப்பும் முன் ஒரு மூச்சு நிறுத்தச் சொன்னேனே, அந்தப் பக்கமாக இருக்கும். பொறுமை இல்லாத கைக்கு அதுதான் முதலில் அகப்படும். ஒட்டும்போது பிள்ளையையும் அருகில் உட்காரவைத்து ஒட்டுங்கள். பழங்கால ஒளிபுகு நாடா நாளானால் மஞ்சளாகிக் கறைபடும். மெல்லிய தாள் துண்டும் பசையும் கொண்டு பின்புறமாக ஒட்டினால் நெடுநாள் நிற்கும்.

என்னிடம் உள்ள ஒரு புத்தகத்தில் கிழிந்த இடத்தைத் தாள் வைத்து ஒட்டியிருந்தேன். அடுத்த வாரம் பார்த்தால், அந்த வெற்றுத் தாளில் யாரோ பென்சிலால் ஒரு சட்டை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒரு கை இல்லாத சட்டை.